ஏணி உண்டாக்கிய நாடு

மாப்பிள்ளை கொத்தனாருக்குத் தரவேண்டியது நாலாயிரத்து இருநூறு. தங்கையின் கணவன் என்பதால் கழுத்தைப் பிடிக்க முடியாது. வீட்டு வாடகைக்குக் கெடு தாண்டிவிட்டதால் சும்மா விடவும் முடியாது. பெயிண்டர் மாப்பிள்ளைக்கு இன்று கூலி கைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், கொத்தனார் கையிலிருந்த சிமெண்டைக்கூடக் கழுவாமல் விளையாட்டுக் கடைக்கு வந்து நின்றார்.

பலகை விளையாட்டுகள் விற்கும் கடை அது. பின்னறையில் மேசை போட்டு விளையாடுவார்கள். அந்த அறையின் சுவர் முழுக்க மாப்பிள்ளை தீட்டிய உலகப்படம். கடலும் கரையும் நம் உலகத்தினவைதான். ஆனால் அங்கே விளையாடும் விளையாட்டின் கதைப்படி, எப்போதோ ஒரு புயல் அடிக்காமல் போய், மூழ்கவேண்டிய கப்பல்படை கரை சேர்ந்துவிட்டதாம். அங்கிருந்து எல்லாமே வேறு. நாம் கேள்விப்படாத பேரரசுகள், அவற்றின் நடுவே கறுப்புக் கோடு. நாம் கும்பிடாத சாமிகள், மதத்துக்கு ஒரு நிறம்.

"ஒரு புயலுக்கு இவ்வளவா?" வந்த வேலையே கொத்தனாருக்கு மறந்துபோயிற்று.

கடைக்காரம்மா தன் வேலையை மறக்கவில்லை. "இந்தத் தீவு பச்சைதானே? எப்படி ஆரஞ்சு ஆச்சு?"

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். சுவரில் தடம் படாமலிருக்க ஏணியின் தலையில் துணி சுற்றியிருந்தான். அந்தத் துணி ஆரஞ்சு டப்பாவில் தோய்ந்ததைப் பார்க்காமல் தீவின்மேல் சாய்த்துவிட்டான். பச்சை அவன் கையால் கலந்தது, தீர்ந்துவிட்டது. மறுபடி கலந்தால் அதே பச்சை வராது. பச்சை நிலம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும்.

"ஆரஞ்சு மதம் கடலுக்கு அந்தப் பக்கம். இங்க எப்படி வந்துச்சுன்னு விளையாட வர்றவங்க துருவித் துருவிக் கேப்பாங்க. நம்புற மாதிரி ஒரு காரணம் சொல்லு. இல்லன்னா திரும்ப அடி, அப்புறம்தான் பணம்."

தன் நாலாயிரத்து இருநூறு கடலில் மூழ்குவது கொத்தனாருக்குக் கண்முன்னே தெரிந்தது.

"காரணம் இருக்கும்மா," என்றார். என்ன காரணம் என்று அவருக்கே தெரியாது. தீவையே பார்த்தார். "பச்சை ராஜா அங்க ஒரு துறைமுகம் கட்டியிருப்பான். அவன் ஆளுங்களா கல்லு தூக்குவாங்க? அக்கரையிலேருந்து கூலிக்கு ஆள் எடுத்திருப்பான். ஆள் வந்தா சாமியும் மூட்டையோட வந்துரும்."

"வேலை முடிஞ்சதும் போயிருப்பாங்களே?"

"கூலி பாக்கிம்மா. எந்த ராஜா சொன்ன தேதியில குடுத்தான்? கேட்டுக் கேட்டு அங்கயே உக்காந்து, கல்யாணம் கட்டி, புள்ள பெத்து... கடைசில, காசு இல்ல, தீவையே வச்சுக்கோங்கன்னு எழுதிக் குடுத்திருப்பான்."

கடைக்காரம்மா தலையைச் சாய்த்து யோசித்தார். பிறகு சிரித்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். "அப்போ அது தனி நாடு. சுத்திக் கோடு போட்டுடு," என்று சொல்லி மாப்பிள்ளையின் கூலியைக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனார்.

மாப்பிள்ளைக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. "நானும் காசுக்குப் பதிலா தீவு எழுதித் தரட்டா மச்சான்?"

"தீவ நீயே வச்சுக்க. காச எடு."

எண்ணிப் பார்த்தால் நாலாயிரம்தான்.

"இருநூறு?"

"கோடு போடக் கறுப்பு வாங்கணும். டப்பாவ வழிச்சாச்சு."

கொத்தனார் சுவரைப் பார்த்தார். கட்டைவிரல் அகல ஆரஞ்சு. சுற்றிலும் உப்புத் தண்ணீர். அங்கே முதல் ஆள் குடிக்க என்ன செய்திருப்பான்?

"ஒரு கிணறும் வரைஞ்சு விடு."

"இவ்வளவு சின்னப் படத்துல கிணறு தெரியாது மச்சான்."

"தெரியாட்டி என்ன, அவங்க குடிக்கணும்ல? வரை. இருநூறு கழிஞ்சுது."