சிம்பல் அடங்கும் வரை

...கேட்டிருப்பார்களா, கேட்காமல் எப்படி இருக்கும், கடைசிச் சுற்றின் உச்சி ஸ்வரத்தில் ஆர்வில் பெட்டிவேயின் ட்ரம்பெட் குரல் உடைந்து பிளந்த பிளவுக்குள் ஒரு மஞ்சள் டாக்ஸி போய், வண்டியைத் திருப்பி, சவாரியும் ஏற்றிக்கொண்டு வெளியே வந்துவிடலாம், அவ்வளவு அகலம். ஆனால் ஒருவரும் முகத்தில் காட்டவில்லை, காட்டவும் முடியாது, சுவரில் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது, டிரம்ஸ்காரன் ரூஃபஸ் கடைசியாகத் தட்டிய சிம்பல் இன்னும் ரீங்கரிக்கிறது, அது அடங்கி விளக்கு அணையும் வரை மூச்சைக்கூட இரவல் வாங்கித்தான் விட வேண்டும் என்பது இந்த ஸ்டுடியோவின் சட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்யும் ஹாலண்டர், ஸ்வரம் பிசகினால் அதுவும் வாசிப்புதான் என்று விட்டுவிடுவார், வெளிச்சத்தம் விழுந்தால் மட்டும், ஆண்டவனே இறங்கி வந்து தும்மினாலும் 'மறுபடியும்' என்பார், வெட்டி ஒட்டுவது அவருக்கு ஆகாது, கெட்டுப்போன வாசிப்பை அழித்து அதே ஒலிநாடாவில்தான் பதிவார். மத்தியானத்திலிருந்து நான்கு வாசிப்பு அப்படிப் போயிற்று, அதில் ஒன்று டபுள் பாஸ்காரரின் வயிறு பேசியதால்... இது ஐந்தாவது. மணி நாலு நாற்பத்தெட்டு. ஐந்துக்கு இசைக்காரர் யூனியன் அனுமதித்த நேரம் முடிகிறது. இன்னும் ஒரு தடவைக்கு இடம் இருக்கிறது, ஒரே ஒரு தடவைக்கு.

ஒரு இருமல் போதும், இந்த வாசிப்பும் அழிந்துவிடும். ஜனவரி மாதத்தில் நியூயார்க்கில் இருமாதவன் யார், சிலைகளே இருமுகின்றன. பதினோரு வருடம் அடுத்தவன் குழுவில் மூன்றாம் நாற்காலி, இப்போதுதான் இசைத்தட்டின் உறையில் தன் பெயர், தன் முகம், அதற்குள் இப்படி ஒரு ஓட்டையா? ஹார்லெம் முடிவெட்டும் கடையில் இருக்கிற பத்து ட்ரம்பெட்காரர்களும் ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்துக் கேட்பார்கள், பாதி மழித்த தாடியோடு சிரிப்பார்கள், அவன் செத்த பிறகு இரங்கல் கூட்டத்திலும் அதைத்தான் போடுவார்கள்... இருமிவிடு. ஆனால் கிளெமென்ட். பியானோவுக்கு எண்பத்தெட்டுக் கட்டை என்றுதானே சொல்கிறார்கள், இந்த வாசிப்பில் அவன் தனியாக வாசித்த மூன்று சுற்றில் கிளெமென்ட்டின் கையில் குறைந்தது நூற்றிருபது கேட்டன, பழைய காதல் பாட்டின் எலும்புக்கூட்டின் மேல் அவன் கட்டிய மாடிகள் எத்தனை, கடைசி மாடியிலிருந்து குதித்துப் பூனைபோலக் காலூன்றி நின்றான் பாவி. வாயைப் பிளந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில்தான் ஆர்விலின் உதடு காய்ந்துபோனது, காய்ந்த உதட்டோடு உச்சிக்குப் போனால் பிளக்காமல் என்ன செய்யும், அப்படியானால் குற்றம் யாருடையது? இப்படியொரு வாசிப்பு ஒருத்தனுக்கு இரண்டு தடவை வராது. மது விற்கும் இடத்தில் வாசிக்கப் போலீஸ் தரும் அட்டையைப் பிடுங்கி இரண்டு வருடம் ஆகிறது, எந்தக் கிளப்பிலும் கிளெமென்ட் உட்கார முடியாது, தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறான். லிஃப்டில் வரும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னான், "என் கை வேலையைப் பாக்குறது ரெண்டே பேருண்ணே, தபால் பெட்டியும் என் பொண்டாட்டியும். ரெண்டும் கை தட்டுறதில்ல." இந்த நாடா ஒன்றுதான் அவனுக்கு மேடை. அதை அழிக்க ஒரு இருமலா... சிம்பல் இப்போது கொசுவின் மூச்சாக இளைத்துவிட்டது, இன்னும் நான்கு நொடி, மூன்று, தொண்டையில் நிஜமாகவே ஏதோ அரிக்கிறது, நான் வரவழைக்கவில்லை, சத்தியமாக இல்லை, முஷ்டி தானாக வாயருகே போகிறது, பியானோ மூடிக்கு மேலாகக் கிளெமென்ட்டின் கண்கள் அந்த முஷ்டியையே பார்க்கின்றன...

"ஏண்ணே, உதடு கிழிஞ்சிருச்சா?"

கேட்டது கிளெமென்ட்தான். சிம்பலின் கடைசி இழை அறையில் இருக்கும்போதே, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி. விளக்கு அணைந்தது. ரூஃபஸ் குச்சிகளைத் தரையில் போட்டான். "அடப்பாவி, அவ்வளவு வாசிச்சுட்டு மூணு நொடி வாயை மூடிட்டு இருக்க முடியலையாடா உன்னால?" கிளெமென்ட் மன்னிப்புக் கேட்டான், கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தான், தபால்காரன் வாய்க்கு லீவு கிடையாது என்று ஏதோ சொல்லி பாஸ்காரரைச் சிரிக்க வைத்தான். ஒலிபெருக்கியில் ஹாலண்டர், மறுபடியும். கண்ணாடிக்கு அப்பால் நாடா பின்னோக்கிச் சுழன்றது, நூற்றிருபது கட்டைகளும் சர்ரென்று வந்த வழியே போயின. நான்கு வாசிப்பில் கண்ணைக்கூட இமைக்காதவன், வாய் தவறியா பேசினான்? முஷ்டியைப் பார்த்தானே, பார்த்துவிட்டுத்தானே... ஆர்வில் நாக்கால் உதட்டைத் தடவினான், கிழியவில்லை, ரத்தமும் இல்லை, அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது, கிளெமென்ட்டும் பதிலுக்குக் காத்திருப்பதாகத் தெரியவில்லை. விளக்கு சிவந்தது. எல்லோரும் ஆர்விலின் விரலைப் பார்க்கிறார்கள், எண்ணித் தொடங்க வேண்டியது அவன்தான், ஒன்று, இரண்டு... எச்சில் விழுங்கிப் பார்த்தான். தொண்டையில் அரிப்பு இல்லை. முன்பு இருந்ததா?