நாற்பது மில்லிமீட்டர்

பத்ரி கடைந்த அலுமினிய உருளையை அளவு அறையிலிருந்து மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உருளையின் விட்டம் நாற்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வரை குறையலாம், துளியும் அதிகமாகக் கூடாது. கடைசல் இயந்திரமான லேத்தின் பக்கத்தில் நின்று அவர் அளந்தபோது 39.99 காட்டியது. ஏ.சி. போட்ட அளவு அறையிலிருந்து வந்த சீட்டில் 39.96 என்று இருந்தது. கீழே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

ஐம்பத்திரண்டு வயது பத்ரி மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடமாக இயற்பியல் நடத்துகிறார். ஜூன் மாதம் அங்கே ஒன்பதாம் வகுப்புக்குத் தொழில்நுட்பப் பாடம் தொடங்குவதாக இருந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த லேத் ஒன்று பிரிக்காத பெட்டியில் வந்து இறங்கியிருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமல் அதற்கு மின் இணைப்புக் கொடுக்கக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பாடத்துக்கு முப்பத்தொரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள், பாதிப் பேர் லேபர் கேம்ப் என்ற தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். அதனால்தான் கோடை விடுமுறையில் ஐந்து வாரம், தாணே போய் ரயில் மாறி, ஐரோலியில் இருந்த இந்த ஆசிரியர் பயிற்சி மையத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

பயிற்சி தருகிற கோகிலவாணிக்கு முப்பத்து நான்கு வயது. தாராவிக்காரி. வால்வு செய்யும் பட்டறையில் பதினான்கு வருடம் லேத் ஓட்டிக்கொண்டே டிப்ளமோ முடித்தவள். முதல் நாள் வகுப்பில் அவள் உலோகத்தின் கடினம், வலிமை இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிட்டாள். எல்லார் முன்னாலும் பத்ரி எழுந்து, இரண்டும் வேறு வேறு என்று திருத்தினார். "சரிதான் சார், தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஒப்புக்கொண்டு அவள் பாடத்தைத் தொடர்ந்தாள். அன்றைக்கு அவருக்கு அது பெரிய வெற்றியாக இருந்தது.

இப்போது சீட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"மேடம், உங்க மெஷின்ல ஏதோ லூஸ் இருக்கு. இல்லேன்னா அளவு ரூம்ல இருக்கற மைக்ரோமீட்டர் தப்பு. நான் மூணு தரம் அளந்தாச்சு."

"எப்பம் அளந்திய சார்?"

"கட் முடிஞ்ச உடனே."

அவள் பதில் சொல்வதற்குள் மையத் தலைவர் குல்கர்ணி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். டீ வரவழைத்து, இந்தியில் மெதுவாகப் பேசினார். தியரியில் தொண்ணூற்றிரண்டு வாங்கியிருக்கிறீர்கள், நாளையோடு வகுப்பு முடிகிறது, வயதையும் பார்க்க வேண்டும், பிராக்டிக்கலை நான் பார்த்துக்கொள்கிறேன், பள்ளியில் ஓர் ஆபரேட்டரை வைத்து மெஷினை ஓட்டிக்கொள்ளலாம் என்றார். மேஜை மேல் சான்றிதழ் தயாராக இருந்தது. பெயர்கூடப் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது.

பத்ரிக்கு ஆசை வராமல் இல்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் நாலே கால் வண்டியைப் பிடித்துவிடலாம். ஆனால் பள்ளி லேத் முன்னால் ஒரு மாணவி நின்று, "ஏன் சார் குறைஞ்சு போச்சு?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார்.

"எனக்கே காரணம் தெரியாதபோது இதை வாங்கிக்கொள்ள முடியாது. பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதுவரை மெஷினைக் கொடுங்கள்" என்று இந்தியிலேயே கேட்டார்.

குல்கர்ணி சான்றிதழை எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுச் சம்மதித்தார்.

பட்டறைக்குத் திரும்பியபோது கோகிலவாணி புதிதாக ஓர் அலுமினியத் துண்டை மெஷினில் மாட்டி வைத்திருந்தாள். "போடுங்க சார், நான் பாக்கேன்" என்றாள். அவர் கடைந்து முடித்தார். அளந்தார். 39.99.

"இப்பம் களத்தி, உள்ளங்கையில வச்சு மூடுங்க."

மூடினார். சுட்டது. கையை உதறும் அளவுக்கு இல்லை, ஆனால் நன்றாகவே சுட்டது.

பத்ரி ஸ்டூலில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டார். நாற்பது மில்லிமீட்டர், அலுமினியத்தின் விரிவு எண், அறைக்கும் உருளைக்கும் உத்தேசமாக முப்பது டிகிரி வித்தியாசம். விடை 0.0276. கிட்டத்தட்ட சீட்டில் குறைந்திருந்த அதே நூறில் மூன்று பங்கு. சூட்டில் விரிந்திருந்ததை அளந்துவிட்டு, ஆறிச் சுருங்கியதைப் பார்த்து மெஷின்மேல் பழி போட்டிருக்கிறார். இதே கணக்கை வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவர். பலகையில் கம்பி எப்போதும் ஒரு மீட்டர் நீளமாக இருக்கும், சூடாகும், விரியும், மணி அடிக்கும். அந்தக் கம்பியை அவர் ஒருநாளும் கையில் பிடித்ததில்லை.

"இதை நீங்க மொதல்லயே சொல்லியிருக்கேளா?"

"ரெண்டாம் நாளே சொன்னேன் சார். ஆறவிட்டு அளக்கணும்னு. நீங்க எழுதிக்கிட்டு இருந்திய."

நோட்டைப் புரட்டினார். அவருடைய கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, இருந்தது.

"மன்னிச்சுக்கோங்கோ மேடம். மெஷினைத் தப்பு சொன்னேன்."

"மெஷினுக்கு ஒண்ணும் கோவமில்ல" என்று அவள் சிரித்தாள். "நாளைக்கு வாங்க."

காரணம் தெரிந்துவிட்டது, இனி வந்துவிடும் என்று நம்பித்தான் மறுநாள் போனார். ஆறவிட்டு அளந்தார். 39.95. முன்னைவிட மோசம்.

இந்த முறை கோகிலவாணி, வெட்டும் டூலை நகர்த்தும் திருகைச் சுழற்றிய அவர் கையைத்தான் கவனித்திருந்தாள். "டயல்ல ஒரு கோடு தாண்டிப் போயிட்டு, அப்பிடியே பின்னால திருப்புதிய. திருகுல கொஞ்சம் இடைவெளி இருக்கும் சார். பின்னால திருப்பினா டயல் நகரும், டூல் நகராது. தாண்டிட்டா அரைச் சுத்து பின்னால வந்துட்டு, திரும்ப முன்னால போகணும்."

"புரியறது."

"புரிஞ்சா பத்தாது. கை படிக்கணும்லா."

வகுப்பு முடிந்து, பயிற்சிக்கு வந்த மற்ற ஆசிரியர்கள் போய்விட்டார்கள். மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுப் பழுது பார்க்கும் வேலைக்காகக் கோகிலவாணி மட்டும் தினமும் வந்தாள். பத்ரியும் தினமும் வந்தார். கழிவுத் துண்டுகளையே திரும்பத் திரும்பக் கடைந்தார். சில நாள் டூலைக் கூராக்குவதிலேயே பொழுது போயிற்று. அவள் பக்கத்து மெஷினைத் துடைத்துக்கொண்டே சத்தத்தை மட்டும் கேட்பாள். "கத்துது சார், வேகத்தைக் குறைங்க" என்பாள். பத்ரி குறைப்பார். ஆறாம் நாள், அவள் சொல்வதற்கு முன்பே அவர் கை போய்க் குறைத்தது.

சுருள் சுருளாக வரும் அலுமினியச் சீவல் ஒரு நாள் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. அன்று வீட்டில் மனைவி ருக்கு மருந்து போட்டுவிட்டாள்.

"ரிட்டயர் ஆறதுக்கு இன்னும் ஆறே வருஷம். இந்த அவஸ்தை எதுக்கு?"

"ஆறு வருஷம் இருக்கோல்லியோ. வருஷத்துக்கு முப்பது கொழந்தைகள்" என்றார் பத்ரி.

ருக்கு துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள். மறுநாள் டிபன் டப்பாவில் இரண்டு பேருக்குத் தயிர்சாதம் இருந்தது.

பத்தாவது நாள் மறுதேர்வு. மூன்று உருளைகள் வேண்டும் என்றாள் கோகிலவாணி. விதியில் ஒன்றுதான். "ஒண்ணு யாருக்கும் வந்துரும் சார். பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கப் போறியளே, மூணு போடுங்க."

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தார். முதல் உருளையை ஆறவிட்டு அளந்தார், சரியாக இருந்தது. இரண்டாவதில் டயலை ஒரு கோடு தாண்டிவிட்டார். நிறுத்தினார், அரைச் சுற்று பின்னால் வந்தார், மறுபடி மெதுவாக முன்னால் கொண்டுபோனார். மூன்றாவதை முடிக்கும்போது மதியம் ஒரு மணி ஆகியிருந்தது. மூன்றும் அளவு அறைக்குப் போயின. அங்கே ஒரு மணி நேரம் வைத்துத்தான் அளப்பார்கள். அந்த நேரத்தில் அவர் மெஷினைத் துடைத்து, சீவல்களைக் கூட்டி அள்ளினார்.

சீட்டைக் கோகிலவாணியே கொண்டுவந்தாள். 39.99. 39.98. 39.99.

"ரெண்டாவது ஓரத்துல நிக்கு" என்றாள்.

"தெரியும். அதுல தடுமாறிட்டேன்."

"தடுமாறினதை நிறுத்தினியள்லா. அதான் வேணும்."

சான்றிதழில் குல்கர்ணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்ரி அதை வாங்கிப் பையில் வைத்துவிட்டு அவரிடம் இன்னொன்றும் கேட்டார்: முதல் மாதம் சனிக்கிழமைகளில் கோகிலவாணியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், பிள்ளைகள் கடைவதை அவள் ஒரு பார்வை பார்க்க வேண்டும், பள்ளி முறையாகக் கடிதம் கொடுக்கும். குல்கர்ணி அவளைப் பார்த்தார். "மாட்டுங்கா எங்க வீட்டுக்குப் பக்கம்தான், வாரேன்" என்றாள் அவள்.

வெளியே வந்து ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டே தலைமையாசிரியை பத்மஜாவுக்குப் போன் போட்டார்.

"ஜூன்ல கிளாஸ் உண்டு மேடம். எலக்ட்ரீஷியனை வரச் சொல்லிடுங்கோ. அப்புறம், அடுத்த பேட்சுக்கு கெமிஸ்ட்ரி டீச்சர் பேரையும் கொடுத்துடலாம். முப்பத்தொரு பேருக்கு நான் ஒருத்தன் போறாது."

"அவா ஒத்துப்பாளா பத்ரி சார்? மெஷின்னா பயப்படுவா."

"நான் பேசறேன்" என்றார் பத்ரி. தாணே வண்டி வந்துகொண்டிருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் படிகளில் வேகமாக ஏறினார்.