பூச்சி விழாத கீரை

பால்ராஜ் கெட்டவனாக இருந்திருந்தால் நாகம்மாவுக்கு வசதியாக இருந்திருக்கும். மண்ணை வாரித் தூற்றிவிட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவனோ நல்லவன். அக்கா அக்கா என்று வாய் ஓயாதவன்.

திருமழிசையில் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால் நாகம்மாவுக்குக் கொஞ்சம் கீரைக்கொல்லை. புருஷன் செத்த பிறகு, அதன் மூலையில் சும்மா கிடந்த இடத்தைப் பால்ராஜுக்கு வாடகைக்கு விட்டாள். அம்பத்தூர் கம்பெனிகள் கழித்துப்போடும் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் பிரிப்பது அவன் தொழில். அது தொண்ணூற்றெட்டு. இரண்டாயிரம் பிறந்தால் பழைய பெட்டிகள் தேதி குழம்பி நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பயம். லாரி லாரியாக வெளியே தள்ளினார்கள். குப்பையில் போடாமல் தொழில் தெரிந்தவனிடம் ஒப்படைத்தோம் என்று மானேஜர்களுக்கு நிம்மதி. அவர்களுக்கு நிம்மதி எப்போதுமே சீக்கிரம் வந்துவிடும்.

பால்ராஜ் தகரத்தைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகக் கழற்றி விற்பான். ஒயரையும் பெட்டிக்குள் இருக்கும் பச்சைப் பலகைகளையும் கொளுத்திச் செம்பை எடுப்பான். மிஞ்சுவது சாம்பல்.

"ஏரில கொட்னா ஒரு நிமிசத்து வேலக்கா. ஆனா மீன் கீது, ஆடு மாடு குடிக்குது. அந்தப் பாவம் நமக்கு வோணாம்."

"இன்னாத்துக்குடா கொட்டணும்? கொல்லைக்கு ஆவும், உடு," என்றாள் நாகம்மா.

இதற்கு அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கீரை போடுகிறவள் எவள் சாம்பலை வீணாக்கினாள்? விடியற்காலையில் பனி காய்வதற்குள் இலைமேல் தூவினால் அசுவினிப் பூச்சி அண்டாது. அடுப்புச் சாம்பலோ வறட்டிச் சாம்பலோ, சாம்பல் என்றால் சாம்பல். எதை எரித்தது என்று கேட்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இருந்ததில்லை.

அந்த வருஷம் இலையில் ஒரு ஓட்டை இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் கூடையை இறக்கிவைத்ததும் காலியானது. நாகம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மகள் வடிவு வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நெமிலிச்சேரியில் கொடுத்த பெண். கோயில் கோயிலாகச் சுற்றி, மாமியார் வாயில் விழுந்து எழுந்து, கடைசியில் தங்கிய கர்ப்பம். ரத்தம் போதாது, கீரை நிறையச் சாப்பிடு என்று நர்ஸம்மா சொன்னது நாகம்மாவுக்கு வேதவாக்கு. பறித்ததில் நல்ல கட்டு மகளுக்கு, மீதிதான் கூடைக்கு.

"போதும்மா, நாக்கு செத்துப்போச்சு."

"கம்முனு துன்னு. புள்ளைக்கு ரத்தம் ஊற வோணாமா?"

முதலில் கொல்லையில் கட்டியிருந்த மாட்டுக்குத்தான் சீக்கு வந்தது. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தபடி நின்றது. பூந்தமல்லியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் திருவேங்கடம் அதன் கண்ணுக்கு நேரே கையை ஆட்டினார். இமைக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். சாம்பல் குவியலில் கிடந்த கருகிய பலகை ஒன்றைக் குச்சியால் புரட்டினார்.

"இதை யார் எரிச்சது?"

"நான்தான் சார். ஏரில ஒரு பிடிகூட கொட்டல சார்," என்றான் பால்ராஜ்.

"இந்தப் பலகையில ஒயரை ஒட்டவைக்கிறது ஈயம்ப்பா, விஷம். எரிச்சா போகாது, சாம்பல்லயே தங்கிடும். மாடு இதை நக்குச்சா?"

"அப்பப்ப நக்கும் சார்," என்றாள் நாகம்மா.

"தீனி?"

"கீரைத்தண்டு."

டாக்டர் பாத்தியைப் பார்த்தார். காலையில் தூவிய சாம்பல் இலைமேல் அப்படியே இருந்தது. அந்த நேரம் பார்த்து வடிவு, வயிற்றைத் தாங்கியபடி, அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"மாடு பொழச்சிக்குமா சார்?"

அவர் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"உங்க பொண்ணு இந்தக் கீரைதான் சாப்பிடுதாம்மா?"

"வந்ததுலேர்ந்து தெனமும்."

"நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அங்க போனா உள்ள போனத எட்த்துடுவாங்களா சார்?"

"நான் மாட்டு டாக்டர்மா," என்றார். சொம்புத் தண்ணீரைத் தொடாமலே போய்விட்டார்.

நாகம்மா கொல்லையில் இறங்கி எல்லாப் பாத்தியையும் வேரோடு பிடுங்கினாள். பால்ராஜ் அழுதுகொண்டே கூடப் பிடுங்கினான். வரப்போரம் பச்சைக் குவியல் ஏறியது. அப்புறம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எரிக்க முடியாது. ஏரியில் போட முடியாது. புதைத்தால் அதே மண். வெளியே வைத்தால் ஊர் ஆடுகள் வரும்.

"எங்கக்கா போட்றது?"

குவார்ட்டர்ஸில் கூடையைச் சுற்றி நின்ற பெண்களின் முகம் ஒவ்வொன்றாக நாகம்மாவின் கண்முன் வந்தது.

"எம்மா, சீக்கிரம் வாயேன்!" வடிவு வாசலிலிருந்து கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒதைக்குது. கை வெச்சுப் பாரு."

நாகம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். பாதியில் நின்று கையைப் பார்த்தாள். ரேகையெல்லாம் சாம்பல். கிணற்றடிக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திரும்பிவந்து மகளின் முன்னால், ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தொடும்மா," என்றாள் வடிவு.