ஆறு நோன்பு

வெள்ளவத்தைக் கெம்பஸில் மாணவர்களின் உடல்நலம் பற்றிய சர்வேக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான் முர்ஷித். கடைசியாக அகப்பட்டவன் நண்பன் திலக்ஷன், மலையகத்து அட்டன்காரன்.

"மச்சான், கிழமைக்கு எத்தன நாள் பகல் சாப்பாட்ட விடுற?"

"எல்லா நாளும்."

"டேய், பெருநாள் முடிஞ்சி ஒரு கிழமையாகுது! இன்னுமா நோன்பு?"

ரமழான் முழுக்கத் திலக்ஷனும் பகலில் ஒன்றும் தின்னவில்லை. இந்துப் பொடியனின் பாசத்தைப் பார் என்று முர்ஷித் ஊரெல்லாம் பீற்றினான். தினமும் பின்னேரம் வீட்டுக்கு இழுத்துப்போய் நோன்புக் கஞ்சி ஊற்றினான்.

திலக்ஷன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "நோன்புன்னு நீதான்டா பேரு வச்ச. எனக்கு அது எப்பவும் உள்ளதுதான்."

சர்வே எடுப்பவர் அறிவுரை சொல்லக்கூடாது என்பது அதை நடத்தும் விரிவுரையாளர் மெடத்தின் கட்டளை. முர்ஷித்திடம் அறிவுரை என்றுமே இருந்ததில்லை. கைவசமிருந்த பகிடிப் பேச்சையும் விட்டுவிட்டுச் சர்வே தாளை மடித்தான்.

"பெருநாளைக்குப் பொறகு எங்களுக்கு ஆறு நோன்பு இருக்கு மச்சான். தனியப் புடிக்க ஏலா. பின்னேரம் நோன்பு தொறக்க வீட்டுக்கு வா."

"இன்னைக்கும் நோன்பா?"

"ஓம்," என்றான் முர்ஷித். அவன் உதட்டோரத்தில் சற்றுமுன் தின்ற கறிபணிஸ் பன்னின் துகள் ஒட்டியிருந்தது.

திலக்ஷன் அதைப் பார்த்தான். "சரி, வாறேன்."

ஏழாம் நாளைக்கு என்ன பொய் சொல்வதென்று முர்ஷித் இப்போதே யோசிக்கத் தொடங்கினான்.