மக்கள் தொகை ஒன்று

கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் வசிக்கும் டொலறசுக்கு எழுபத்தாறு வயது. பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். எட்டு வயதில், பிரித்தானியர் அங்கே நடத்திய அணுகுண்டுச் சோதனைக்கு மறுநாள், தலைமயிரில் படிந்த சாம்பலோடு அவரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பிறகு தொண்டையில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள். "தீவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்" என்ற அங்கீகாரம் கேட்டு, லண்டனிலுள்ள ஓர் அரசு அலுவலகத்துக்கு அவர் நான்காவது தடவையாக விண்ணப்பித்திருந்தார்.

முந்தைய மூன்று பதில்களும் ஒன்றே: "தீவில் எவரும் வசிக்கவில்லை. ஆகவே எவரும் வெளியேற்றப்படவில்லை."

இம்முறை கோப்பு றூபினியிடம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். படிவங்களின் குணம் அவளுக்குத் தெரியும். மூன்று கிழமை தேடிக் கப்பலின் பதிவேட்டைக் கண்டுபிடித்தாள். பன்றிகள் பதினான்கு. தளபதியின் நாய் ஒன்று, இருமுறை குளிப்பாட்டப்பட்டது. கதிர்வீச்சு அளக்கப்பட்ட ஆட்கள் முப்பத்தொன்று. குளிப்பாட்டியதாகக் குறிப்பு இல்லை.

அதை மேலாளர் விவேக்கிடம் கொண்டுபோனாள். அவர் கோயம்புத்தூர்க்காரர்.

"பாருங்கோ விவேக், முப்பத்தொரு பேர்."

"ஆமா. ஆனா குடியிருந்தவங்கன்னு எழுதலையே? விசிட்டர்ஸா இருக்கலாம்."

"டொலறஸின்ர தகப்பனும் அங்கதான் பிறந்தவர்."

"லாங் விசிட்."

அவர் பகிடி விடவில்லை. டொலறசைத் தீவின் விருந்தினராக அங்கீகரித்துக் கடிதம் போனது.

டொலறஸ் கடிதத்தோடு நேரில் வந்தார். "நான் விருந்தாளி என்றால் வீட்டுக்காரர் யார்?" என்று கேட்டார். விவேக்குக்கு உடனே ஒரு மீட்டிங் வந்துவிட்டது. றூபினி வெட்கத்தில் குனிந்துகொண்டாள்.

அன்று மாலையே புதிய தீர்மானத்தை எழுதினாள்: "தீவில் வசித்தவர். வெளியேற்றப்பட்டவர்."

"வாசிச்சுப் பாத்திட்டுக் கையெழுத்து வையுங்கோ."

"நீங்க எழுதினதுதானே?"

"ஓம்."

விவேக் கையெழுத்து வைத்தார்.

பிழையை மேலிடம் கண்டபோது கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. திரும்பப் பெற்றால், வாசிக்காமல் கையெழுத்திட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனவே இணையதளத்தைத் திருத்தினார்கள்: "சோதனையின்போது தீவின் மக்கள் தொகை: ஒன்று." துல்லியத்துக்காக விவேக்குக்குப் பாராட்டுக் கடிதமும் கிடைத்தது.

டொலறஸ் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எட்டு வயதில் தனியாகவா இருந்தேன்? எனக்குச் சோறு தந்தது யார்?"

சிரிப்பு நின்றது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

றூபினி புதிய படிவம் ஒன்றை எடுத்தாள்.

"அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள்," என்றாள். "மற்ற இருபத்தொன்பது பேரையும் பிறகு பார்ப்போம்."