சில்வியாவுக்காக ஒரு நன்றிப் பூசை

எங்கம்மா இருதயம்மாள் ஓர் அவசரக்குடுக்கை. பிள்ளை பிறக்குமுன் பேர் வைக்கும் ரகம். அது தெரிந்தும் அந்த மெயிலை அவளுக்குப் படித்துக் காட்டினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, கணினி இயற்பியலில் பிஎச்.டி. ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு ஊர் ஊராகப் பேராசிரியர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாதி கிணற்றில் போட்ட கல். மீதி 'வருந்துகிறோம்'. இந்த வருஷமும் கிடைக்காவிட்டால் எர்ணாவூர் கண்டெய்னர் யார்டில் பில் போடும் வேலைக்குப் போய்விடுவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கடைசியாக ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார்: உங்களைத்தான் எடுக்க விரும்புகிறேன், நிதி உறுதியானதும் முறையான கடிதம் வரும்.

"அங்க போயி இன்னாடி பண்ணுவ?" என்றாள் அம்மா.

"தண்ணி எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாக்கணும்."

"நம்ம தெருக் கொழாயில தண்ணியே வர்ல. நீ கம்ப்யூட்டர்ல ஓட வுடப்போறியா? போடி இவளே!"

சிரித்துக்கொண்டே கிளம்பியவள் நேராக ராயபுரம் கோயிலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு என் பேரில் நன்றிப் பூசை வைக்க ஃபாதரிடம் சொல்லிவிட்டு வந்தாள். நிதி என்ற சொல் அவள் காதில் ஏறவேயில்லை.

சனிக்கிழமை அடுத்த மெயில் வந்தது. நிதியை மறுத்துவிட்டார்களாம். அந்த இடமே இனி இல்லையாம். பாவம், அந்த மனுஷன் நிறைய மன்னிப்புக் கேட்டிருந்தார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மறுநாள் கோயில் வாசலில், பட்டுப் புடவையில் எல்லோரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த அம்மாவை ஓரமாக இழுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"மொத்தமா போச்சா?"

"போச்சும்மா. ஃபாதர்கிட்ட சொல்லி என் பேரைப் படிக்க வேணாம்னு நிறுத்து. உன் கால்ல வேணா வுழறேன்."

அம்மா விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். ஃபாதர் பூசை உடுப்பு மாட்டும் அறைக்குள் போனாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பூசை ஆரம்பித்தது. "வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக்குத் தேர்வாகியுள்ள சில்வியாவுக்காக, அவர் குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் நன்றிப் பலி" என்று ஃபாதர் மைக்கில் படித்தார். "சில்வியா எங்கே? எழுந்திரும்மா."

எழுந்தேன். கோயிலே கை தட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் அம்மா. எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

வெளியே வந்ததும் வெடித்தேன். "பைத்தியமாம்மா உனக்கு? உள்ள போனியே, சொல்லலியா?"

"சொல்லத்தான் போனேன். வாய் வர்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒவ்வொரு தபா அவனுங்க இல்லன்னு எழுதும்போதும் தலவாணியக் கடிச்சிகினு அழுத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இம்மாம் படிச்சதுக்கு ஒரு தபாவாச்சும் உன்னப் பாத்து நாலு பேரு கை தட்டட்டும்னு வுட்டுட்டேன். நாளைக்கு யார்டுல குந்திகினு பில்லு போட்டா, எவன்டி தட்டுவான்?"