சொக்கப்பன் வாசிக்க முடியாத கதை

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. கற்பனையில் பிறந்தது என்று போட்டுக்கொள்ள ஆசைதான். இரண்டு வருஷமாக அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். ஏழு தொடக்கங்கள். ஏழிலும் நான் நல்லவனாகவே வந்தேன். ஏழையும் கிழித்துப் போட்டேன்.

(ஆறைத்தான் கிழித்தேன். ஏழாவதில் ஒரு மழை வர்ணனை நன்றாக வந்திருந்தது, மனசு வரவில்லை.)

என் பெயர் கருணாகரன். மலாக்காவில், காஜா பெராங்கில் குடியிருக்கிறேன். வாரநாளில் ஓர் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தமிழ் இலக்கியச் சங்கத்துக்குச் செயலாளர். ஐம்பத்தேழாம் ஆண்டு, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுமாதம், அந்தச் சங்க மேடையில் 'இலக்கணமும் தத்துவமும்' என்று ஒரு சொற்பொழிவு செய்தேன். அதில் இருந்த சரக்கு என்னுடையதல்ல. திருடியது.

விஷயம் அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் சுற்றி வளைப்பது.

2

சொக்கப்பன் வந்தான்.

(அடித்துவிட்டேன்.)

சொக்கப்பன் வந்தார்.

(இதுவும் உதைக்கிறது. ஆபீஸில் தமிழர்களிடம் அவரைப் பற்றிப் பேசும்போது நான் ஒருநாளும் 'வந்தார்' என்றதில்லை. இப்போது திடீரென்று மரியாதை கொடுப்பது லஞ்சம் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், வேறு வழியில்லை, 'அவர்' என்றே போகிறேன்.)

சொக்கப்பன் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசை; வீடும் காஜா பெராங்கில்தான். மலாக்கா செட்டி. தெரியாதவர்களுக்காக: பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து குடியேறி, சாமியையும் பொங்கலையும் திருநீற்றையும் விடாமல் வைத்துக்கொண்டு, பேச்சில் மட்டும் மலாய்க்காரர்களாகிப்போன குடும்பங்கள். தமிழில் அவருக்கு இருபது சொல் தெரிந்தால் அதிகம். நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் மலாயில்தான். ஆகவே இந்தக் கதையில் அவர் பேசும் தமிழ் நான் அவர் வாயில் வைத்தது. அவர் பொருளில் நான் கை வைப்பது இது இரண்டாவது தடவை.

3

கோப்பிக் கடையில் ஒரு மத்தியானம் அவர் கேட்டார்:

"நீ தமிழ்ல கதை சொல்லும்போது கவனிச்சுக்கிட்டே இருக்கேன். ஆபீஸ் கூட்டுற ஆள் வந்தா 'வந்தான்'. பெரிய கிராணி வந்தா 'வந்தார்'. எங்க வீட்டுப் பேச்சுல ரெண்டு பேருக்கும் ஒரே 'டியா டாத்தாங்'தான். ஆள் வந்தாச்சு, தீர்ந்தது. உங்களுக்கு மட்டும் ஆள் உள்ள நுழையறதுக்கு முன்னாடியே எடை போட்டாகணுமா?"

"அது மரியாதைப்பா. எங்க மொழியோட பண்பு," என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

"சரி. எடை போடாம ஒரு ஆள் வந்ததைச் சொல்லிக் காட்டு, பார்ப்போம்."

யோசித்தேன். ('வந்தாச்சு' என்று நழுவலாம். யார் வந்தாச்சு என்று அடுத்த கேள்வி வந்தால் மாட்டிக்கொள்வேன்.) கோப்பி ஆறிப்போனது.

அவர் விடவில்லை. "இன்னொண்ணு. முந்தாநாள் உன் வீட்டுல, கூரை ஒழுகுதேன்னு நான் சொன்னதுக்கு உன் சம்சாரம் வானத்தைப் பார்த்துக் கையைக் காட்டி, 'அவன் பாத்துக்குவான்'னாங்க. அது எனக்குப் புரிஞ்சுது. கூட்டுற ஆளும் 'அவன்', சாமியும் 'அவன்'. ஒருத்தரைக் குனிஞ்சு பார்க்கிறீங்க, இன்னொருத்தர்கிட்ட ஒட்டி நிக்கிறீங்க. அப்ப அது எடைக்கல்லே இல்ல, கருணா. அந்த ஆள் யாருன்னு அது சொல்லல. சொல்றவன் எங்க நிக்கிறான்னுதான் சொல்லுது."

எனக்குப் புல்லரித்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சூத்திரம் மனப்பாடம் செய்தவன் நான். ஒருநாளும் எனக்கு இது தோன்றியதில்லையே! அடுத்த நொடியே வயிறு எரிந்தது. தமிழே தெரியாதவனுக்கு எப்படி இது...

(மேலே 'தெரியாதவனுக்கு' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. நான் எங்கே நின்றேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.)

4

மேடையில் நான் சொன்னது இது: "அறியப்படும் பொருளைக் கேட்பதற்கு முன், அறிபவன் நிற்கும் இடத்தைக் கேள் என்கிறது தத்துவம். தத்துவம் கேட்பதற்கு முன்பே நம் இலக்கணம் கேட்டுவிட்டது, சபையோரே! வினைமுற்றின் கடைசியில் ஒட்டியிருக்கும் சின்ன விகுதியில் பேசுகிறவனின் முகம் தெரிகிறது." 'அவன் பாத்துக்குவான்' என்ற உதாரணத்தையும் விடவில்லை. "ஒருநாள் என் இல்லாள் கூறக் கேட்டுச் சிந்தித்தேன்" என்றேன். யார் சிந்தித்தது!

ஒரே கைதட்டல். மூன்றாவது வரிசையில் சொக்கப்பனும் தட்டினார், மற்றவர்களைப் பார்த்து, கொஞ்சம் தாமதமாக. என் கழுத்தில் விழுந்த மாலை அவர் மனைவி நாகம்மை கட்டியது. வாழையிலையில் பொதிந்து அவரே சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்கே அவர் மனுவும் வந்தது. சங்கத்தில் சேர வேண்டும், சங்கம் நடத்தும் வகுப்பில் தமிழ் படிக்க வேண்டும். "எங்க முன்னோர் பேசின பாஷை. என்னோட அது செத்துடக் கூடாது," என்று என்னிடம் சொல்லியிருந்தார். மனுவைத் தமிழில் எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

தலைவர் ஜெயபாலன் மனுவைப் பார்த்தார். "தமிழே வராத ஆளு இலக்கியச் சங்கத்துல வந்து என்னங்க பண்ணப் போறாரு, கை தட்டவா?" சபை சிரித்தது. என்ன சிரிப்பு என்று தெரியாமல் சொக்கப்பனும் சிரித்தார். "செயலாளர் என்ன சொல்றீங்க?"

எழுந்தேன்.

"ஐயா, நீங்க இப்ப கை தட்டின பேச்சே இவரு..."

இல்லை. அப்படிச் சொல்லவில்லை.

"தமிழ் தெரியாமலே தமிழை இவ்வளவு தூரம் பார்த்தவரை..."

இதுவும் இல்லை. நான் சொன்னது: "சங்க விதின்னு ஒண்ணு இருக்குல்லீங்களா."

மனு தள்ளுபடி.

வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன சொன்னாங்க?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம்னாங்க."

"சரி, காத்திருக்கலாம். நீ எதைப் பத்திப் பேசினே? அப்படித் தட்டினாங்களே!"

"கடவுளைப் பத்தி."

"பாகுஸ்," என்றார். நல்லது என்று அர்த்தம். மனசாரச் சொன்னார்.

அடுத்த வருஷம் மறக்காமல் மனுவோடு வந்தார். வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் வைக்கவே இல்லை. தமிழ் படித்துவிட்டால் ஆண்டு மலரில் அச்சாகியிருக்கும் என் பேச்சை வாசித்துவிடுவாரே! சீ, எழுதவே கை கூசுகிறது.

5

முடிவு ஒன்று: அவர் எப்படியோ தமிழ் கற்று, மலரை வாசித்து, சிரித்தபடி வந்து என்னைக் கட்டிக்கொள்கிறார். (இது என் ஆசை. முடிவல்ல.)

முடிவு இரண்டு: அவருக்கு எல்லாம் முன்பே தெரியும், பெருந்தன்மையாக இருந்துவிட்டார். (அவரை மகானாக்கிவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம். அதனால் இதுவும் வேண்டாம்.)

இதுவரை எழுதியதை என் சம்சாரம் பூங்காவனத்திடம் வாசித்துக் காட்டினேன். முறத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த மனுசனுக்குப் புரியாத பாஷையில மன்னிப்புக் கேக்கிறீங்களே, இது யாருக்கு?"

"இது கதை, பூங்காவனம்..."

"மலாய்ல ரெண்டு வார்த்தை சொல்ல வாய் இல்ல. தமிழ்ல பக்கம் பக்கமா எழுதக் கை மட்டும் இருக்கா?"

ஆறாவது பகுதி என்று தலைப்பிட்டுக்கொண்டேன்.

6

இதை இன்று ஆபீஸில், சாப்பாட்டு நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். சொக்கப்பன் எட்டிப் பார்த்தார். தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இது என் பேர்தானே? மனுவுல பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு."

"ஆமா."

"என்ன எழுதறே?"

"கதை."

"எதைப் பத்தி?"

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன்.

"கடவுளைப் பத்தி."

அவர் முகம் மலர்ந்துபோனது. "அதுல எனக்கும் இடம் கொடுத்திருக்கியே! அச்சானதும் எனக்கு ஒண்ணு கொடு, கருணா. தமிழ் தெரிஞ்ச யாரையாவது வாசிச்சுச் சொல்லச் சொல்றேன். நாகம்மையும் கேக்கட்டும்."

அந்த யாராவது நீங்களாக இருக்கலாம். காஜா பெராங்கில் ஒருவர் உங்களிடம் இந்தப் பக்கங்களை நீட்டி, தன் பெயர் மேல் விரலை வைத்துக் காட்டினால், தயவுசெய்து உட்கார்ந்து முதல் வரியிலிருந்து மலாயில் சொல்லுங்கள். அடித்தவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் நல்லவனாகத் தெரியும் இடம் எங்காவது தப்பி நின்றிருந்தால், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.